தனபாக்கியம் டீச்சரும் தலைகீழ்க் கோபுரமும்

நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். பள்ளி ஆண்டு மலருக்காகத் தனபாக்கியம் டீச்சரைப் பற்றி எழுதச் சொன்ன தமிழ் அம்மா, "நல்லதா நாலு வார்த்தை எழுது, போதும்" என்றார்கள். நல்ல வார்த்தைகள் என்னிடமும் இருக்கின்றன. ஆனால் பத்தாம் வகுப்பு அ பிரிவில் என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் டீச்சரை நம்பவில்லை. எல்லோரையும்விட நான் குறைவாக நம்பினேன். அதை விட்டுவிட்டு எழுதினால், டீச்சரே எங்கிருந்தாவது "ஹௌ டு யூ நோ?" என்று கேட்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்ற அந்தக் கேள்வியை அவர்கள் எங்களிடம் கேட்காத நாள் கிடையாது.

செய்தி எங்கள் வீட்டுக்கு அப்பா மூலமாக வந்தது. அப்பா காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக்கடை வைத்திருக்கிறார். டீச்சரின் ஊரான, வாழைக்கொல்லைகள் நிறைந்த ஜீயபுரத்திலிருந்துதான் எங்களுக்கு இலைக்கட்டு வரும். வண்டிக்காரர் காத்தமுத்து சொன்னதை அப்பா சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"வசந்தா, உங்க டீச்சரம்மா போயிட்டாங்களாம். காமாலை முத்திப் போச்சாம்."

நான் நம்பவில்லை. டீச்சரைப் பற்றி வந்த செய்தி எதுவும் அதுவரை உண்மையாக இருந்ததில்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று ஒருமுறை பேச்சு வந்தது. மறுநாள் காலை வகுப்பில் நின்றார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். அதுவும் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்தும் அவர்கள் வராதபோது கீழாநெல்லி கொடுக்கிறார்கள், தேறிவிடுவார்கள் என்று சொன்னார்கள். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? காத்தமுத்து சொன்னான்."

"அவருக்கு எப்படித் தெரியுமாம்?"

அப்பா மற்றச் செருப்பையும் கழற்றினார். "தூக்கிட்டுப் போனவங்கள்ல அவனும் ஒருத்தன். போதுமா?" என்றார்.

போதும் என்று தலையசைத்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

டீச்சரை நான் ஏன் நம்பவில்லை என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புவரை வந்த முதல் பெண் நான்தான். மற்றப் பாடங்களில் பயமில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஒன்பதாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டினேன். அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"படிக்கிறது தப்பில்லம்மா. ஆனா இங்கிலீஷ்ல ஒருதரம் பெயிலானா அதோட நிறுத்திக்கலாம். அத்தை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் எத்தனை நாளைக்குச் சாக்குச் சொல்றது?"

லால்குடி அத்தைக்கு ஒரு மகன் இருக்கிறார். நல்லவர்தான். ஆனால் எனக்குப் பதினொன்றாம் வகுப்பு முடித்துப் பி.யு.சி. படிக்க வேண்டும். காலேஜில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால், ஆங்கிலம் எனக்குப் பாடம் மட்டுமல்ல, வாசற்கதவு. அந்தக் கதவின் சாவியை யார் கையில் கொடுக்கிறார்கள் என்று நான் பார்க்காமல் இருக்க முடியுமா?

அந்த ஆண்டு எங்கள் ஆங்கில ஆசிரியை கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு விஞ்ஞானம் எடுக்கும் தனபாக்கியம் டீச்சரை அனுப்பினார்கள். ஜீயபுரத்தில் ரயிலேறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வருபவர்கள். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் ஒரு தட்டில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் கண்ணாடித் தம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

"க்ளோஸ் யுவர் புக்ஸ்" என்றார்கள்.

என் பக்கத்தில் ரங்கநாயகி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் குடும்பம் தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருப்பது. வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. "வாழைக்கொல்லை இங்கிலீஷ்டி இது" என்று என் காதில் சொன்னாள்.

டீச்சர் என்னைக் காட்டி, வந்து மெழுகுவர்த்தியை ஏற்று என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். சொன்ன வார்த்தை ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பொருள் தெரியும். எழுந்து போய் ஏற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அடுத்த வரியைச் சொல்வார்கள், நாங்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வோம் என்று நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் தீப்பெட்டியை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். வகுப்பு சிரித்தது. அன்றைக்கே எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்துவிட்டது.

மெழுகுவர்த்தியைத் தம்ளரால் மூடினோம். அணைந்தது. ஏன் என்று கேட்டார்கள். உள்ளே இருந்த காற்று தீர்ந்துவிட்டது என்று ரங்கநாயகி தட்டித் தடவி ஆங்கிலத்தில் சொல்லி முடித்து, பெருமையாக எங்களைப் பார்த்தாள்.

"ஹௌ டு யூ நோ?" என்றார்கள் டீச்சர்.

ரங்கநாயகி உட்கார்ந்துவிட்டாள். அவள் தப்புச் செய்தது ஆங்கிலத்திலா விஞ்ஞானத்திலா என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை. மணி அடித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு பொருள் வரும். தராசு வரும், உப்பு வரும், பனிக்கட்டி ஈர மரத்தூளில் பொதிந்து வரும். அதைப் பார்ப்போம், தொடுவோம், என்ன ஆகிறது என்று ஆங்கிலத்தில் சொல்வோம். தமிழில் சொன்னால் டீச்சர் காது கேட்காதவர்கள் போல நிற்பார்கள். பக்கத்து ஆ பிரிவிலோ ஆங்கிலச் செய்யுளை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் வழியாக அவர்கள் குரல் கேட்கும்போதெல்லாம் நானும் கூடவே முணுமுணுத்துப் பார்ப்பேன்.

இப்படிச் சொல்லிக் கொடுப்பதற்கு டீச்சர் ஒரு காரணம் சொல்வார்கள். "இங்கிலீஷை நேராப் பார்த்தா அது கூச்சப்படும். நீங்க வேற எதையாவது பாருங்க. அது தானா பக்கத்துல வந்து நிக்கும்." பாடம் தயாரிக்காமல் வருகிறவர்கள் சொல்லும் சாக்கு இது என்று நினைத்தேன். இலக்கணம் சொல்லித்தர அவர்களுக்குத் தெரியாது என்றும் சந்தேகப்பட்டேன். ஒருநாள் தைரியமாக எழுந்து, செயப்பாட்டு வினை எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டேன்.

"நேத்து முழுக்க நீ அதுலதான் பேசினே" என்றார்கள்.

வீட்டுக்குப் போய் இலக்கணப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். உப்பு நிறுக்கப்பட்டது, தண்ணீரில் போடப்பட்டது, கரைக்கப்பட்டது என்று நான் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. இது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. படிக்கிறோம் என்று தெரியாமலே படிப்பது படிப்பாகுமா? பரீட்சையில் அது தானாக வந்து நிற்குமா?

இன்னொரு விஷயமும் எங்களை உறுத்தியது. டீச்சர் எப்போதும் புடவைத் தலைப்பை இழுத்து இடது கையை மூடிக்கொண்டிருப்பார்கள். தீப்பெட்டி உரசும்போது தலைப்பு விலகினால், மணிக்கட்டுக்கு மேலே தோல் சுருங்கிப் பளபளவென்று இருப்பது தெரியும். ஏதோ வியாதி என்று ஒருத்தி சொன்னாள். புகுந்த வீட்டில் சூடு போட்டு விரட்டிவிட்டார்கள், அதனால்தான் வேலைக்கு வருகிறார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். கல்யாணமே ஆகவில்லையே என்று நான் சொன்னதற்கு, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னையே மடக்கினாள். டீச்சரின் கேள்வி அந்த அளவுக்கு எங்களிடையே பரவியிருந்தது.

ஆவணியில் ஒளியைப் பற்றிய பாடம் வந்தது. எங்கள் வகுப்பு மாடியில் இருக்கிறது. ஒரு சன்னல் மேற்கே கோயிலைப் பார்த்தது. காலை வெயில் வெள்ளைக் கோபுரத்தின்மேல் நேராக அடிக்கும். டீச்சர் தச்சரை வைத்து அந்த மரச் சன்னல் கதவில் சின்னதாக ஒரு துளை போடச் செய்திருந்தார்கள். எல்லாச் சன்னல்களையும் சாத்தி, இடுக்குகளில் கறுப்புத் துணி அடைத்து, விளக்கை அணைத்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ யாரையோ கிள்ளினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ச் சுவரில் நிறம் ஊறி வந்தது. கீழே நீல வானம். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு தொங்குவதுபோல வெள்ளைக் கோபுரம். தென்னை மரங்கள் விளக்குமாறுபோல மேலேயிருந்து தொங்கின. ஏதோ ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஒரு மாமி தலைகீழாக நடந்து புடவை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பக்கத்தில் படபடவென்று சத்தம் கேட்டது. ரங்கநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள். கோபுரத்தைக் கண்டால் கை தானாகப் போகும். அது நேராக இருக்கிறதா என்று கை பார்ப்பதில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. "வாட் டு யூ ஸீ?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அன்று ஒவ்வொருத்தியும் கேட்காமலே பேசினோம். கிளிகள் கீழே பறக்கின்றன என்றாள் ஒருத்தி. மாமியின் புடவை மேல்நோக்கி விழுகிறது என்றாள் இன்னொருத்தி. மணியடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

ஆனால் வெளிச்சத்துக்கு வந்ததும் ரங்கநாயகிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "தலைகீழாத் தெரிஞ்ச கோபுரத்தைச் சேவிக்கலாமோடி? சேவிச்சது கணக்குல வருமா, இல்லே அபசாரமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் அதே கேள்வியை வீட்டில் தன் பெரியப்பாவிடம் கேட்டாள். மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. "பெருமாள் கோபுரத்தைத் தலைகீழாப் பண்ணிக் காட்டறாளாமே, அந்த வாத்தியாரம்மா" என்று கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார். பெரியப்பா திருமண் இட்டு, மேல்வேஷ்டி போர்த்திக்கொண்டு, தெருப் பெரியவர்கள் இருவரோடு தலைமையாசிரியை அம்மாவைப் பார்க்க வந்தார். பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவோம் என்றார்கள். தலைமையாசிரியை அம்மா எல்லோரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். "நீங்களே பாருங்கள்" என்றார்கள்.

மறுபடி சன்னல்கள் சாத்தப்பட்டன. டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார்கள். படம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று நான் ஆங்கிலத்தில் தலைமையாசிரியை அம்மாவுக்குச் சொன்னேன். கோபுரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி நேர்கோட்டில் துளைக்குள் நுழைந்து கீழே போகிறது, அடியிலிருந்து வருவது மேலே போகிறது என்பதை ரங்கநாயகி பெரியப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"கிளி தலைகீழாப் பறக்கறதே. விழலையே" என்றார் கடைசியில்.

"விழாது பெரியப்பா. வெளியில நேராத்தானே பறக்கறது" என்றாள் ரங்கநாயகி.

"ஓஹோ. பெருமாளே படுத்துண்டுதான் பார்க்கறார். அவருக்கு நாமெல்லாம் எப்படித் தெரியறோமோ, யார் கண்டா? அபசாரம் ஒண்ணுமில்லை."

நான் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

"அது இருக்கட்டும். கோபுரத்தைத் தலைகீழாக் காட்டினா பரீட்சையில மார்க் போடுவாளா?"

கூட வந்த இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆ பிரிவில் செய்யுள் எல்லாம் முடிந்துவிட்டதாமே, இங்கே ஒன்றுகூட ஆரம்பிக்கவில்லையாமே என்றார்கள். தலைமையாசிரியை அம்மா டீச்சர் இருந்த பக்கம் திரும்பினார்கள். கோபுரத்தைப் பற்றிய சந்தேகம் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. மார்க்கைப் பற்றிய சந்தேகம் அப்படியே நின்றது. அது என்னுடைய சந்தேகமும்தான். இருட்டில் நான் எழுந்து நின்றேன்.

"டீச்சர், ஹௌ டு யூ நோ வீ வில் பாஸ்?"

டீச்சர் சன்னல் துளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஒரு புள்ளி வெளிச்சம் அவர்கள் தோளில் விழுந்தது.

"ஐ டோன்ட் நோ" என்றார்கள். பிறகு, வந்தவர்களுக்காகத் தமிழில், "எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா அது பொய்" என்றார்கள்.

தலைமையாசிரியை அம்மா விளக்கைப் போடச் சொன்னார்கள். அரையாண்டுப் பரீட்சைவரை பார்ப்போம், அதில் அ பிரிவு பின்தங்கினால் ஆங்கிலத்தை வேறு ஆசிரியைக்குக் கொடுத்துவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள்.

நீ ஏன்டி அந்தச் சமயத்தில் கேட்டாய் என்று பிறகு பலரும் என்னைத் திட்டினார்கள். டீச்சர் திட்டவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். "இந்த வருஷம் யாரும் சொல்லிக் கொடுக்காம, தானா எழுந்து, தனக்கு வேணும்னு ஒரு பொண்ணு கேட்ட முதல் இங்கிலீஷ் கேள்வி அது. நீ கவனிச்சியா?" என்றார்கள். அவர்கள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

"பாஸாவோமான்னு தெரியாம ஏன் டீச்சர் இப்படிச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டேன்.

டீச்சர் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினார்கள். "ஸ்கூல்ல எனக்குத்தான் இங்கிலீஷ்ல முதல் மார்க். இருபது செய்யுள் தலைகீழாச் சொல்வேன். காலேஜ்ல முதல் மாசம், லேப்ல, மேஜைமேல ஆசிட் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. புரொபசர் என்னமோ இங்கிலீஷ்ல சொன்னார். கான்வென்ட்ல படிச்ச பொண்ணுங்க எல்லாம் சட்டுனு பின்னால நகர்ந்தாங்க. நான் மட்டும் நல்லாத் தெரியட்டும்னு குனிஞ்சு பார்த்தேன்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டே, "நீங்க பின்னால நகரணும், அவ்வளவுதான்" என்றார்கள்.

உண்மையைச் சொல்வதானால், அதையும் நான் முழுதாக நம்பவில்லை. கதை மிகவும் பொருத்தமாக இருந்தது. அவ்வளவு பொருத்தமான கதை எப்படி உண்மையாக இருக்கும் என்று தோன்றியது.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. முன்பின் படித்திராத பத்தியைப் புரிந்து பதில் எழுதும் கேள்வியில் எங்கள் பிரிவு நன்றாக எழுதியது. செய்யுளில் விழுந்துவிட்டது. மொத்தத்தில் ஆ பிரிவுதான் மேலே. நான் தேறினேன், ஆனால் அப்பாவிடம் பெருமையாகக் காட்டும்படி இல்லை. ரங்கநாயகி தேறவில்லை. தலைமையாசிரியை அம்மா சொன்னபடி ஆங்கிலத்தை டீச்சரிடமிருந்து எடுத்தார்கள். சன்னலில் போட்ட துளை பள்ளிச் சொத்துக்குச் சேதம் என்று சொல்லி அதைக் காகிதம் திணித்து அடைத்தார்கள். டீச்சர் மறுபடி எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்துக்குப் போனார்கள். வராந்தாவில் பார்த்தபோது வருத்தமாக இருக்கிறது டீச்சர் என்று ரங்கநாயகி சொன்னாள். "அவங்க செஞ்சதுல தப்பில்ல. அவங்களையும் யாராவது ஹௌ டு யூ நோன்னு கேட்பாங்கல்ல?" என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்தாம் வகுப்பின் மீதியைச் செய்யுளாக நெட்டுருப் போட்டுக் கடந்தோம். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் நீராவி எஞ்சினைப் பற்றி ஒரு ஆங்கிலப் பத்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்துக்கொண்டே போனேன். அடுப்பில் உலைமூடி ஏன் ஆடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் நான் வாசிப்பது ஆங்கிலம் என்பது நினைவுக்கு வந்தது. நினைவு வந்தவுடன் அடுத்த வரி புரியவில்லை. டீச்சர் சொன்ன கூச்சம் இதுதானா, அல்லது அந்தப் பத்தியே சுலபமானதா, தெரியாது. அதை அவர்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். பொங்கலுக்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

இரங்கல் கூட்டம் சனிக்கிழமை காலை நடந்தது. முன் வரிசையில் டீச்சரின் அப்பா, தோளில் துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழைக் கொல்லைக்காரர். எங்கள் கடைக்கு இலை போடுகிறவர் என்பதால் என் அப்பாவும் அவரோடு வந்திருந்தார். பலர் பேசினார்கள். டீச்சர்மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை என்று ஒருவர் சொன்னார். மெழுகுவர்த்தி ஏற்றத் தெரியாமல் நான் நின்ற அன்று அவர் அங்கே இல்லை. டீச்சர் ஆங்கிலம் கற்பிப்பதில் புதுமுறை ஒன்றைக் கொண்டுவந்து பள்ளிக்குப் பெருமை தேடித் தந்தார் என்று தலைமையாசிரியை அம்மா சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"எப்போடி புதுசாச்சு? எடுத்தப்போ பழசா இருந்ததே" என்றாள் ரங்கநாயகி என் காதில். அவள் கண் சிவந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் டீச்சரின் அப்பாவிடம் போய்க் கும்பிட்டார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். பிறகு தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் இவ்வளவு சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை. தினம் ரயிலேறிப் போகும், வரும். இங்க எம் பொண்ணு என்னதான் பண்ணுச்சு?"

தலைமையாசிரியை அம்மா எங்களைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் இன்னும் கோபுரத்தின்மேல் இருந்தது. நேரமானால் படம் மங்கிவிடும். "மாடிக்கு வாங்க ஐயா, காட்டறோம்" என்றேன். தலைமையாசிரியை அம்மா மறுக்கவில்லை. அவர்களும் கூடவே ஏறினார்கள்.

ரங்கநாயகியும் மற்றவர்களும் சன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள். அறை இருண்டதும் விளக்கைப் போட்டோம். டீச்சரின் அப்பா சன்னல் கதவை ஒரு கையால் தடவிக்கொண்டு நின்றார். இந்த இடத்தில்தான் டீச்சர் நின்று இடது கையால் துளையை மறைத்து மறைத்துக் காட்டுவார்கள் என்று ரங்கநாயகி சொன்னாள்.

"அந்தக் கைதான்" என்றார் அவர். "காலேஜ் ஹாஸ்டல்ல வெந்நீர் கொட்டிக்கிச்சு. லீவுக்கு வந்தப்ப சொல்லுச்சு. பாக்கவே முடியலை."

நான் கறுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டு எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எங்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க ஐயா" என்று ஆரம்பித்து, ஆசிட்டையும் புரொபசரையும் பின்னால் நகர்ந்த பெண்களையும் சொன்னேன்.

"அப்ப எங்கிட்ட ஏன் வெந்நீருன்னு சொல்லுச்சு?"

என் அப்பாதான் சொன்னார். "இங்கிலீஷ் புரியாம கையைச் சுட்டுக்கிட்டேன்னு சொல்லியிருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

பெரியவர் யோசித்தார். "அடுத்த ரயில்ல கூட்டிக்கிட்டு வந்திருப்பேன். படிச்சது போதும்னு சொல்லியிருப்பேன்."

"அதான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "மார்ச்சுல பரீட்சையை எழுது. இங்கிலீஷ்ல எப்படி வந்தாலும் சரி. திருப்பி எழுதிக்கலாம். அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

இதை அப்பா அந்த நேரத்து இரக்கத்தில் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்டு மலர் எங்கள் வீட்டுக்கும் வரும்.

வெந்நீரா, ஆசிட்டா? இனிமேல் கேட்க ஆள் இல்லை. நான் ஆசிட்டைத்தான் நம்புகிறேன். ஆனால் நம்புவதும் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்று எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும், தன்னிடமே கேட்டபோது "தெரியாது" என்று எல்லோர் முன்னாலும் அவர்கள் சொன்னதும் அதோடு சேர்ந்தது. அப்படிச் சொன்ன வேறு ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

துளையில் திணித்திருந்த காகிதம் இறுகிப் போயிருந்தது. கொண்டை ஊசியால் குத்தி உருவினேன். தலைமையாசிரியை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவரை முன் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல ஒண்ணும் தெரியாது ஐயா. கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன்.

"பொறுத்துக்கறேம்மா" என்றார்.

ரங்கநாயகி விளக்குகளை அணைத்தாள்.